கிளினிக்கில் ஸ்கேன்: டாக்டர்களும் நோயாளிகளும் கேட்டவை

கே: எம்.பி.பி.எஸ். முடித்து கிளினிக் நடத்துகிறேன். செல்போனில் இணைத்துப் பார்க்கும் சின்ன ஸ்கேன் கருவி ஒன்றை வாங்கிப் பழகலாமா? கர்ப்பிணிகளுக்குப் பார்க்கப் போவதில்லை. (பழனி)

ப: வாங்கிவிடாதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மெஷின் சின்னதா பெரியதா, பார்ப்பது கர்ப்பிணிகளையா மற்றவர்களையா என்பது கணக்கில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்பதே குற்றம். ‘வாங்கிப் போடுங்க சார், பதிவை அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்பாதீர்கள், சீல் விழுவது உங்கள் கிளினிக்குக்கு. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்களுக்கு 2014 விதிகளின்படி ஸ்கேன் பார்க்க 6 மாதத்தில் 300 மணி நேரப் பயிற்சி, முடிவில் தேர்வு. போர்ட்டபிள் கருவிக்கு இன்னும் கெடுபிடி: பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு, இல்லையென்றால் நடமாடும் மருத்துவ ஊர்தியில். படுக்கை வசதி இல்லாத கிளினிக்குக்கு ட்ராலி மெஷினே (சக்கர வண்டியில் நிற்கும் பெரிய கருவி) தலைவலி இல்லாதது.

கே: பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். எதில் ஆரம்பிப்பது? எத்தனை பார்த்தால் கை பழகும்? (கும்பகோணம்)

ப: சிறுநீர்ப்பையில் ஆரம்பியுங்கள். சிறுநீர் கழித்த பிறகு நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 0.52-ஆல் பெருக்கினால் மிச்சம் எத்தனை மில்லி என்று தெரியும். 10, 8, 6 என்றால் ஏறக்குறைய 250 மில்லி. ப்ராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு அந்த ஓர் எண்ணே பல முடிவுகளைச் செய்துவிடும். அப்புறம் ‘சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா’, ‘பித்தப்பையில் கல் உண்டா’ என்று ஆம், இல்லை எனப் பதில் வரும் கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அவசர மருத்துவர் சங்கம் ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 ஸ்கேன், அதுவும் தெரிந்தவர் சரிபார்த்தவை, என்கிறது. ஐம்பதும் நார்மலாகவே அமைந்தால் பிரயோஜனமில்லை. நீங்கள் கண்டதை முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டைப் பிரியுங்கள். ரிப்போர்ட்டை முதலில் படித்தால் கண்ணுக்கு எல்லாமே தெரிந்தது போலத்தான் இருக்கும்.

கே: பித்தப்பையைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. பிடித்தாலும் கல்லா, வாயுவா என்று குழப்பம். (காரைக்குடி)

ப: சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார், பை சுருங்கியிருக்கும். 6 மணி நேரமாவது வெறும் வயிறாக வரச் சொல்லுங்கள். ஜெல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். வளைந்த முகப்புள்ள புரோப்பை (உடம்பில் வைத்துப் பார்க்கும் கைப்பிடி) வலது விலா ஓரத்துக்குக் கீழே வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் கல்லீரலோடு பையும் கீழே இறங்கி வரும். வராவிட்டால் இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள்.

கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) கூட்டி வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கல்லீரல் நடுத்தரச் சாம்பல், பையின் உள்ளே சுத்தக் கறுப்பு, அதுதான் சரியான அளவு. கெயின் கூடினால் உள்ளே இல்லாத கசடெல்லாம் தெரியும். கல் பளிச்சென்று வெள்ளையாக நின்று, பின்னால் கறுப்பு நிழலை விடும். ஆளைத் திருப்பினால் உருளும். பக்கத்துச் சிறுகுடலில் இருக்கும் வாயுவும் பளிச்சிடும், ஆனால் அதன் நிழல் கலங்கலாக, சாம்பல் பூத்து இருக்கும். இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். பையின் கழுத்தில் சிக்கிய கல் நகராது. பை முழுக்கக் கல் அடைத்திருந்தால் கறுப்பே தெரியாது, வாயு என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள்.

கே: கால் வீக்கத்தில் ரத்தக்கட்டி இல்லை என்று எப்படி உறுதிசெய்வது? (தேனி)

ப: முகப்பு நேராக உள்ள புரோப்பைச் செங்குத்தாகப் பிடித்து, தொடை இடுக்கிலும் முழங்காலின் பின்புறமும் அழுத்துங்கள். சிரையின் சுவர்கள் இரண்டும் ஒட்ட வேண்டும். பக்கத்துத் தமனி நசுங்கத் தொடங்கியும் சிரை மூடவில்லையென்றால் உள்ளே கட்டி. புரோப் சாய்ந்திருந்தால் நல்ல சிரையும் மூடாது. இரண்டு இடமும் சரியாக மூடினாலும் கெண்டைக்கால் கட்டி இதில் தப்பிவிடும். சந்தேகம் நீடித்தால் முழுக் கால் டாப்ளருக்கு (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) அனுப்புங்கள், அல்லது ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

கே: ஸ்பிரிட் பஞ்சால் புரோப்பைத் துடைக்கலாமா? (விருதுநகர்)

ப: பல புரோப்களின் ரப்பர் முகப்பை அது கெடுத்துவிடும். ஜெல்லைத் துணியால் வழித்துவிட்டு, கம்பெனி கையேட்டில் சொன்ன கிருமிநாசினி மட்டும்.

கே: எங்கள் டாக்டரே ஸ்கேன் பார்த்து ‘கல் இல்லை’ என்றார். சென்டருக்குப் போக வேண்டாமா? (ஓமலூர்)

ப: அவர் பித்தப்பையை மட்டும் பார்த்திருந்தால் கணையமும் சிறுநீரகமும் பார்க்கப்படவில்லை. எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் சீட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.