கேட்டையின் துணை விண்மீன் ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி: என்னிடம் 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைத் திரட்டும்) தொலைநோக்கி இருக்கிறது. கேட்டைக்கு (விருச்சிகத்தின் பிரகாசமான விண்மீன், Antares) மங்கலான ஜோடி ஒன்று உண்டு என்று படித்துவிட்டு மூன்று இரவு முயன்றேன். கொதிக்கிற ஆரஞ்சு உருண்டை ஒன்றுதான் தெரிகிறது. கண்ணாடியில் குறையா?

பதில்: கண்ணாடியைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சுவாதி விண்மீனுக்கு (Arcturus) வடகிழக்கே சுமார் 10 பாகை தள்ளி இசார் (Izar) என்ற இரட்டை விண்மீன் இருக்கிறது. அதுவும் ஆரஞ்சு நிற ராட்சத விண்மீன்தான். அதன் துணை ஏறக்குறைய 3 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளியில் நிற்கிறது. கேட்டைக்கும் அதன் துணைக்கும் நடுவே சுமார் 2.7 விகலை. பெரிய வித்தியாசம் இல்லை. 200 மடங்கு உருப்பெருக்கத்தில் இசார் இரண்டாகப் பிரிந்தால் உங்கள் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் எங்கே சிக்கல்? ஒளியில். இசாரின் துணை முதன்மை விண்மீனைவிட சுமார் 8 மடங்கு மங்கல். கேட்டையின் துணையோ ஏறத்தாழ 60 மடங்கு மங்கல். காற்று கொஞ்சம் கலங்கினாலும் போதும், பெரிய விண்மீனின் ஒளி பரவித் துணையை விழுங்கிவிடும். அதனால் தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். கேட்டை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் பாருங்கள். அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது முயல்வது வீண்.

நான் பெரிதும் நம்புவது அந்திப் பொழுதை. சூரியன் மறைந்து வானில் நீலம் மிச்சமிருக்கும்போது கண்ணைக் கூசவைக்கும் ஒளி வெகுவாகக் குறையும். ஆகஸ்ட்டில் கேட்டை அந்தி நேரத்திலேயே உச்சத்தை ஒட்டி வந்துவிடுவதால் அந்த மாதம் மிகத் தோது.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தேடினால் கிடைக்காது. துணை இருப்பது கேட்டைக்கு நேர் மேற்கே. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் விண்மீன் காட்சிப்புலத்தில் மேற்கு நோக்கி நகரும். அது நகரும் திசையில், அதற்கு மிக நெருக்கமாக முன்னால் பாருங்கள். நியூட்டோனியனில் சிறிய கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள் நான்கு ஒளிக்கீற்றுகளை உண்டாக்கும். அதில் ஒன்று மேற்கே விழுந்தால் துணை அதற்குள் மறைந்துவிடும். அப்படியானால் குழாயைச் சற்றுச் சுழற்றுங்கள்.

இன்னொரு வழி: கெட்டி அட்டையில் அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் வாயில் பொருத்துங்கள். சிதறும் ஒளி ஆறு கீற்றுகளாகத் திரளும், இடையிடையே இருட்டுப் பட்டைகள் கிடைக்கும். அட்டையைத் திருப்பி ஓர் இருட்டுப் பட்டையை மேற்கே கொண்டுவாருங்கள். 250 மடங்கு வரை போகலாம்.

முதலில் தெரியும்போது அது நிலையாக நிற்காது. காற்று அமைதியாகும் அரை நொடியில் ஊசிமுனை போல் ஒரு புள்ளி எட்டிப் பார்த்து மறையும். பலருக்கு அது பச்சையாகத் தெரிகிறது. உண்மையில் அது நீல-வெண்மை நிறச் சூடான விண்மீன். பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

நிலவு கேட்டையை மறைக்கும் இரவு உங்கள் ஊரில் வாய்த்தால் தவறவிடாதீர்கள். 1819 ஏப்ரலில் வியன்னாவில் வானியலாளர் யோஹான் பியூர்க் அப்படித்தான் இந்தத் துணையைப் பார்த்தார். நிலவின் விளிம்பிலிருந்து முதலில் ஒரு மங்கலான புள்ளி வெளியே வந்தது. சில நொடி கழித்துத்தான் கேட்டை பளீரென்று ஒளிர்ந்தது.