ஃபயர்ஃபிஞ்ச் வளர்ப்பதற்கு எளிதான பறவையா?

சிவந்த அலகுள்ள ஆப்பிரிக்க ஃபயர்ஃபிஞ்ச் ஊருக்குள்ளேயே மனிதரை அண்டி வாழும் பறவை என்பதால், ஸீப்ரா ஃபிஞ்சைப் போல அதையும் தொல்லையின்றி வளர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கலாம், ஆனால் எளிதன்று. மனிதருக்கு அருகில் வாழ்வதும் கூண்டில் தாக்குப்பிடிப்பதும் வெவ்வேறு. சாம்பியாவின் லுசாகாவில் மூன்றாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தபோது இதைச் சற்று விலைகொடுத்தே கற்றுக்கொண்டேன்.

முதலில் அது வெளியில் வாழும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1766இல் லின்னேயஸ் பெயரிட்ட இப்பறவை, செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரையிலும் தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும் பரவியிருக்கிறது. நீளம் ஏறத்தாழ 10 செ.மீ., எடை பத்து கிராமைத் தொடுவதே அரிது. ஆணின் தலையும் மார்பும் செந்நிறம். பெட்டை மங்கிய பழுப்பு, கண்ணுக்கு முன்னும் வாலின் மேற்புறத்திலும் மட்டும் சிவப்பு. நான் குடியிருந்த வீட்டின் பின்கட்டில், மக்காச்சோளம் இடித்த உரலைச் சுற்றிச் சிந்திய நொய்யைக் கோழிகளின் கால்களுக்கிடையே புகுந்து பொறுக்கும். இணைசேரும் காலத்தில் ஆண் ஓர் இறகையோ புல்லையோ அடிப்பகுதியில் கவ்விக்கொண்டு, பெட்டையின் முன் எம்பி எம்பிக் குதித்துப் பாடும். மழைக்காலத்தின் பின்பாதியில், புல் கதிர்விட்டு முற்றும் வேளையில், கூரை வேய்ந்த புல்லிலோ சுவர்ப் பொந்திலோ தாழ்ந்த புதரிலோ உருண்டையாகக் கூடு கட்டி, உள்ளே இறகுகளைப் பரப்பி, மூன்று முதல் ஆறு வெள்ளை முட்டைகள் வரை இடும்.

இதைக் கண்டு நானும் உங்களைப் போலவே எண்ணினேன். அண்டை வீட்டு முதியவர் ஒருவர் தம் பறவைக்கூடத்திலேயே பொரித்த ஒரு சோடியை எனக்குக் கொடுத்தார். காய்ந்த சிறுதானியமும் அவித்த முட்டையும் வைத்தேன், குஞ்சுகளும் பொரித்தன, ஐந்தாம் நாள் காலை நான்கும் கூட்டுக்கு வெளியே தரையில் கிடந்தன. முதியவர் அதைப் பார்த்துவிட்டு, "கறையான் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். தானியத்தை உண்டு வாழும் பறவைதான் என்றாலும், குஞ்சு பொரித்த முதல் நாள்களில் உயிருள்ள சிறு பூச்சிகள் கிடைக்காவிட்டால் பெற்றோர் ஊட்டுவதை விட்டுவிடுவது இவ்வினத்தில் அடிக்கடி நடப்பது. அடுத்த முறை, கறையானையும் எறும்பு முட்டையையும் நாளுக்குப் பலமுறை சிறிது சிறிதாக வைத்ததோடு, முளைகட்டிய தினையையும் பால் பிடித்த புற்கதிர்களையும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு குஞ்சுகள் தேறின.

உணவு தவிர வேறு சில தேவைகளும் உண்டு. தரையில் மேயும் பறவையாதலால் கூண்டின் அடித்தளம் உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். ஈரத் தரை நோயைக் கொண்டுவரும். பதுங்கிக்கொள்ள அடர்ந்த செடியோ புல்கட்டோ வேண்டும். குளிரும் ஈரக்காற்றும் ஆகா. பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொள்ளாமலிருக்கக் கணவாய் ஓடோ பொடித்த முட்டையோடோ எப்போதும் இருக்கட்டும். ஒரே கூண்டில் இரு ஆண்களை விடாதீர்கள்.

பலர் இங்கே ஒரு குறுக்குவழியைச் சொல்வார்கள்: முட்டைகளை எடுத்து, கூண்டிலேயே வளர்ந்து பழகிய பெங்காலி ஃபிஞ்ச் என்னும் வளர்ப்புச் சிறுபறவையின் கூட்டில் வைத்துவிடுவது. பெங்காலி ஃபிஞ்ச் எதையும் அடைகாக்கும் என்பது மெய்தான். ஆனால் க்ளாஸ் இம்மெல்மான் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், பெங்காலி ஃபிஞ்ச் வளர்த்த ஸீப்ரா ஃபிஞ்ச் ஆண்கள் பெரியவையானதும் தம் இனப் பெட்டைகளை விட்டுப் பெங்காலிப் பெட்டைகளையே நாடியதைக் காட்டினார். குஞ்சு எண்ணிக்கைக்காக இவ்வழியைக் கையாள்வது எனக்கு உடன்பாடன்று.

குஞ்சுப் பருவத்தில் தன்னை வளர்த்த பறவையையே மனத்தில் பதித்துக்கொள்ளும் இந்தப் பதிவுக் கற்றல் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஃபயர்ஃபிஞ்சின் சொந்த வாழ்க்கையிலேயே, நான் அறிந்த பறவைக் கதைகளில் மிகவும் வியப்பான ஒரு சான்று இருக்கிறது. வில்லேஜ் இண்டிகோபேர்ட் எனப்படும் கருநீலக் குருவி, கூடு கட்டாமல் ஃபயர்ஃபிஞ்சின் கூட்டில் முட்டையிடும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு செய்வதுபோல அதன் குஞ்சு வீட்டுக் குஞ்சுகளைத் தள்ளிவிடுவதில்லை. அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது, வாய்க்குள் இருக்கும் புள்ளிகளும் நிறமும்கூட ஃபயர்ஃபிஞ்ச் குஞ்சினுடையவை போலவே அமைந்திருக்க. வளர்ந்த ஆண் இண்டிகோபேர்ட் மர உச்சியில் அமர்ந்து வளர்ப்புத் தந்தையின் பாட்டைத் தன் பாட்டோடு கலந்து பாடும். அதே பாட்டைக் கேட்டு வளர்ந்த பெட்டை அவனைத் தேடி வரும். இந்த ஒப்புமைகளை ஜெர்மானிய ஆய்வாளர் யூர்கன் நிக்கோலாய் 1964இல் விரிவாக எழுதினார். பின்னர், சாம்பியாவின் லோச்சின்வாரில் இப்பறவைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் பேய்னும் உடன் ஆய்வாளர்களும் இண்டிகோபேர்ட் குஞ்சுகளைப் பெங்காலி ஃபிஞ்சிடம் வளர்க்கக் கொடுத்தனர். 2000இல் வெளியான அம்முடிவின்படி, அந்த ஆண்கள் பெங்காலிப் பாட்டைப் பாடின. பெட்டைகள் அப்பாட்டை விரும்பியதோடு, பெங்காலியின் கூட்டிலேயே முட்டையிட்டன. காட்டில் ஒரு பெட்டை தவறிப்போய் வேறொரு பறவையின் கூட்டில் முட்டையிட்டால், சில தலைமுறைகளிலேயே தனிக் கிளையொன்று உருவாகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பறவை எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். முன்பு மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாகச் செனகலில், பெருந்தொகையாகப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பயணத்திலும் வந்திறங்கிய முதல் வாரங்களிலும் ஏராளமானவை மடிந்தன. பறவைக் காய்ச்சலை ஒட்டி 2005இல் தற்காலிகமாகத் தொடங்கிய இறக்குமதித் தடையை, காட்டில் பிடித்த பறவைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிலையானதாக்கியது. இன்று ஒருவர் வாங்குவதாயின், காலில் மூடிய வளையமிட்ட (குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்டக்கூடிய முழு வளையம்), கூண்டில் பிறந்த சோடியாகவே வாங்க வேண்டும்.

இந்தியாவில் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சிவப்பு முனியாவின் ஆணும் சிவந்த உடலும் சிவந்த அலகும் உடையது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அதை வைத்திருப்பதே குற்றம். அதை "ஆப்பிரிக்கப் பறவை" என்று சொல்லி யாராவது நீட்டினால் சிறகைப் பாருங்கள். முனியாவின் சிறகிலும் விலாவிலும் வெண்புள்ளிகள் நிறையத் தெறித்திருக்கும்; ஃபயர்ஃபிஞ்சின் சிறகு புள்ளியின்றி வெறும் பழுப்பாக இருக்கும், மார்பின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவில் சில புள்ளிகள், கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம்.