ஆப்னியாவா, ஆப்நோயாவா?

அன்புள்ள ஐயா,

அப்பச்சியின் குறட்டை இரண்டாம் கட்டு வரை கேட்கும். நடுவில் சட்டென்று நின்று, திணறிக்கொண்டு மறுபடி தொடங்கும். மதுரையில் ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். ரிப்போர்ட்டை நான் 'ஸ்லீப் ஆப்நோயா' என்று வாசிக்க, ஆத்தா, "நோயான்னு நம்மளையே கேட்டா எப்படி?" என்கிறார். டாக்டர் 'ஆப்னியா' என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் 'ஆப்நீயா' என்கிறான். எது சரி?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டர், அண்ணன் இருவருமே சரி. அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் ஆப்னியா, இரண்டாவதில் விழுந்தால் ஆப்நீயா. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. உங்களுடையதுதான் இடிக்கிறது. கிரேக்கத்தின் 'ஒய்' ஒலி லத்தீன் வழியாக வந்து ஓ, ஈ (oe) என்று இரண்டு எழுத்தாக நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஈ' மட்டும்தான் ஒலிக்கும். அமெரிக்கர்கள் அந்த ஓவை எழுதுவதே இல்லை.

சொல்லும்போது ஆப்-னியா என்று பிரிகிறது. பொருள் பிரிவதோ வேறிடத்தில்: அ + ப்னொயா. 'அ' என்றால் இல்லாமை, நம் அநீதியில் வருவதுபோல. மற்றது மூச்சு. 'ப்ன' என்று சொல்லைத் தொடங்குவது கிரேக்கருக்குச் சகஜம், ஆங்கிலேயருக்கு வாயில் வராது. முன்னால் உயிரெழுத்து இருந்தால் 'ப்'பை அதோடு ஒட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள். நிமோனியாவை எழுதும்போது முதலில் ஒரு 'ப்' இருக்கிறதே, அது இதே மூச்சுக் குடும்பம்தான். ஜெர்மானியர் அதையும் விடாமல் உச்சரிக்கிறார்கள்.

கம்பன் திருநாள் நடக்கும் சீமைக்காரர் நீங்கள், இதில் திகைக்க ஒன்றுமில்லை. 'கற்றதனால் ஆய' என்பதை 'கற்றதனா லாய' என்று சீர் பிரிக்கிறோமே, பொருளை விட்டு ஓசைக்காகப் பிரிக்கும் அந்த வகையுளிதான் இங்கேயும்.

பொருள் பிரியும் இடம் பிடிபட்டால் உறவுக்காரச் சொற்களும் பிடிபடும். டிஸ்ப்னியா மூச்சுத்திணறல், டாக்கிப்னியா வேக மூச்சு. ஆர்த்தாப்னியா என்றால் படுத்தால் முட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தால் தணியும். ஆர்த்தோ என்றதும் எலும்பு டாக்டரிடம் ஓடிவிடாதீர்கள். கிரேக்கத்தில் அதற்கு நேர், நிமிர்ந்த என்றுதான் பொருள்.

சரி, உச்சரிப்பு கிடக்கட்டும். மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால்தான் அதை ஓர் ஆப்னியா என்று கணக்கில் சேர்ப்பார்கள். அதோடு மூச்சு முழுதும் நிற்காமல் குன்றுவதையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். அப்பச்சிக்கு அது எவ்வளவு, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் மெஷின் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.