அந்தப் பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மொன்டானாவில் போஸ்மன் நகரில் மூன்று வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற குளிர்காலத்தில் காலமானார். கேலட்டின் ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிப்பவர். அவர் ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூல், இறகு, ரோமம் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி) கட்டிய பழைய ரோட்டரி வைஸை (முள்ளைத் தாடையால் கவ்விப் பிடிக்கும், சுழலும் சிறு இடுக்கி) அவர் மனைவி எனக்குக் கொடுத்தார். கைப்பிடி அசையவே இல்லை. எண்ணெயில் ஊறவைத்தேன். இப்போது சுற்றுகிறது, ஆனால் முள் தாடையில் நிற்காமல் வழுக்குகிறது. தாடையை அரத்தால் கொஞ்சம் தேய்க்கலாமா? சுற்றும்போது நூலும் சேர்ந்து சுற்றிக்கொண்டு அறுந்துவிடுகிறது. வீடியோவில் ஒருவர் மணிக்கு ஒரு டஜன் கட்டுகிறார். அந்த வேகம் வர எத்தனை நாள் ஆகும்? புதிய வைஸ் வாங்குவது நல்லதா? நான் சைவம், அதனால் ஓர் உறுத்தலும் இருக்கிறது. நீங்கள் குன்னூர்க்காரர் என்பதால் கேட்கிறேன். நான் கட்டிய முதல் ஃப்ளையின், வூலி பக்கர் என்ற வகை, படத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரத்தை எடுத்த இடத்தில் வையுங்கள். வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்தத் தாடை பதம் ஏற்றிய எஃகு. இரண்டு முகமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேரும்படி தீட்டியது. ஒருமுறை அரம் பட்டால் பிறகு எந்த முள்ளும் அதில் நிற்காது. இறந்துபோன ஒரு மனிதரின் கைப்பொருள் உங்களிடம் வந்திருக்கிறது. அதில் அரம் வைக்க எப்படி மனம் வந்தது? முள் வழுக்குவதற்குக் காரணம் நீங்கள் ஊற்றிய எண்ணெய். எண்ணெய் சுழலும் தண்டுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு சொட்டு. கைப்பிடி இறுகியிருந்ததும் துருவால் அல்ல, காய்ந்து பிசினாகிவிட்ட பழைய கிரீஸால்தான் இருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். தாடையின் உள்முகத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துடையுங்கள். முள்ளின் கம்பி கனம் மாறும்போதெல்லாம் தாடையின் இறுக்கத்தையும் மாற்ற வேண்டும்.

நூல் அறுவது வைஸின் குற்றம் அல்ல. கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன் நூலை முள்ளின் கண்ணருகே, அதாவது தூண்டில் நரம்பு கோக்கும் துளையருகே, முடிச்சுப் போட்டு நிறுத்தி, நூல்கண்டு மாட்டிய பாபினை அதற்கான தாங்கியில் சாய்த்துவைக்க வேண்டும். அப்போது நூல் சுழலும் அச்சின் நேர்கோட்டில் கிடக்கும், முள்ளோடு சேர்ந்து சும்மா சுழலும், எதிலும் சுற்றிக்கொள்ளாது. தாங்கி தொலைந்திருந்தால் ஒரு தடித்த கம்பியை வளைத்துச் செய்துகொள்ளலாம்.

சைவம் பற்றி: ஸ்காட்லாந்தில் மேகன் பாய்ட் என்ற அம்மையார் வாழ்நாள் முழுக்க சால்மன் மீனுக்கான ஃப்ளை கட்டினார். ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. வேகம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத வைத்தது அதுதான். அதில் அடர்பச்சை உடல், கறுப்பு வால், நெருக்கமாகச் சுற்றிய இறகு எல்லாம் இருக்கின்றன. முதல் முயற்சிக்கு நன்றாகவே இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஆர்., ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் நாற்காலிக்கு எதிரே தெரியும் பக்கத்தை. அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது? பார்த்தீர்களா?

1974-இல் எனக்குப் பதினொரு வயது. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு சந்தில் குடை ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். நீலகிரி ஓடைகளில் ட்ரௌட்டைக் குடியேற்ற 1863-இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றுப்போனார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வென்றார், அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்தது. அதனால் எங்கள் ஊரில் குடைக்காரருக்கும் ஃப்ளை கட்டும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை அவலாஞ்சிக்குப் போகிற எஸ்டேட் மேனேஜர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்கு வருவார்கள். அவருடைய வைஸ் சுழலாது. அமெரிக்காவின் தாம்ஸன் வைஸைப் பார்த்து இந்தியாவில் மலிவாகச் செய்தது. அதற்குப் பின்னால் தகரச் சட்டம் போட்ட ஒரு முகச்சவரக் கண்ணாடியைச் சாய்த்துவைத்திருப்பார்.

அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அவர் அனுமதியோடு ஒரு ஃப்ளை கட்டினேன். மயிலிறகின் இழையில் உடல், சிவப்பு இழையில் வால். என் கண்ணுக்கு வால் நேராக இருந்தது. அவர் கண்ணாடியைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் வால் முழுக்கச் சரிந்து முள்ளின் விலாவில் தொங்கியது. “மீனு உன் ஸ்டூல்லயாடா உக்காந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு பிளேடால் அறுத்து முள்ளைத் துடைத்துக் கொடுத்தார். அன்று இருட்டும்வரை நாலு தடவை அறுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாவதை மட்டும் ஒன்றும் சொல்லாமல் அந்துருண்டை வாசம் அடிக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

வால் ஏன் சரிகிறது தெரியுமா? நூலை நாம் மேலாக எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கீழிருந்து வாங்கி இழுக்கிறோம். இறுக்கும்போது நூல் தன்னோடு இறகையும் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. எவ்வளவு கவனமாக இறுக்கினாலும் கொஞ்சம் தள்ளும். அது நடப்பது நம் பார்வைக்கு மறைவாக. கோணலான ஃப்ளை வீசும்போது காற்றில் பம்பரமாகச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.

அதே டப்பாவில் காட்டுக்கோழியின் கழுத்திறகு இரண்டு வைத்திருந்தார். கறுப்பும் சாம்பலுமான சின்ன இறகு, நடுத்தண்டில் மெழுகு சொட்டி உறைந்ததுபோல ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு. நகத்தால் தொட்டால் இறகு மாதிரி இருக்காது, வழவழவென்று கெட்டியாக இருக்கும். நம் மலைக்காட்டுப் பறவையின் இந்த இறகுக்காக ஸ்காட்லாந்தின் சால்மன்காரர்கள் ஏங்கினார்கள். ஃப்ளையின் இரு கன்னத்திலும் ஒவ்வொன்று, மீனுக்குக் கண்போலத் தெரிய. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் இங்கே அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. உங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த பறவையுடையது. அந்த இரண்டையும் அவர் ஒரே ஒருமுறை பயன்படுத்தியதைப் பார்த்தேன். இந்தக் கன்னத்தில் ஒன்றை வைத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து அந்தக் கன்னத்தில் மற்றதை அதே உயரத்துக்குக் கொண்டுவர அரைமணி நேரம் ஆனது. மூச்சுகூட விடவில்லை அவர்.

வைஸே இல்லாத காலத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அயர்லாந்தில் பாலிஷானன் ஊரின் ரோகன் விரலில் பிடித்தே கட்டினார். அமெரிக்காவின் லீ வுல்ஃப் 28-ஆம் எண் முள்ளில்கூட விரலில் பிடித்துக் கட்டியவர். எண் ஏற ஏற முள் சிறிதாகும், 28 என்பது எறும்பளவு. விரலில் இருக்கும் முள் தானாகவே புரண்டுகொண்டிருக்கும், கட்டுகிறவன் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருப்பான். முள்ளை அசையாமல் நிறுத்திய வைஸ் நம் கைக்கு ஓய்வு கொடுத்தது, கண்ணிடமிருந்து ஒரு பாதியைப் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்கத்தான் உங்கள் கைப்பிடி. டஜன் கணக்குக்காக அல்ல. பஞ்சுபோன்ற ஷெனில் நூலையும் ஜரிகையையும் வேகமாகச் சுற்ற உதவும், உண்மைதான். அது உபரி.

ஆகவே முதல் மாதம் கைப்பிடியால் எதையும் சுற்றாதீர்கள். நூலைக் கையாலேயே சுற்றுங்கள். ஒவ்வொரு பொருளையும் கட்டியதும் வைஸை அரைச்சுற்றுத் திருப்பிப் பாருங்கள். சரிந்திருந்தால் நூலைத் தளர்த்தி நிமிர்த்துங்கள். அதற்கும் முன்னால் முள் அச்சில் நிற்கிறதா பாருங்கள்: முள்ளின் கண்ணுக்கு நேரே ஓர் ஊசிமுனையை நிறுத்திவிட்டு மெல்லச் சுற்றுங்கள். கண் ஊசிமுனையை விட்டு விலகி வட்டம் போட்டால் முள்ளை ஏற்றியோ இறக்கியோ மாட்ட வேண்டும்.

அந்த அம்மாவிடம் அவர் கணவர் கட்டிய ஃப்ளைகள் ஒரு பெட்டியிலாவது இருக்கும். ஒன்றே ஒன்று கேட்டு வாங்குங்கள். அவருடைய வைஸிலேயே மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் வூலி பக்கரை மாட்டுங்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு ஃப்ளைகளின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.