டாக்டருக்குப் படிக்காமல் லாஸ்கர் விருதா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

லாஸ்கர் விருது வாங்கியவர்களைப் பற்றிப் படித்துவிட்டு "எனக்கு மருத்துவ ஆராய்ச்சிதான்" என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், டாக்டர் சீட் இல்லாமல் அந்தப் பக்கம் எப்படிப் போக முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம் அம்மா. அந்த விருதுப் பட்டியலே அதற்குச் சாட்சி.

1945-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட், மேரி லாஸ்கர் தம்பதி மருத்துவம் சார்ந்த கண்டுபிடிப்புகளுக்காக ஏற்படுத்திய விருது இது. வாங்கியவர்களில் நிறையப் பேர் பின்னால் நோபலும் வாங்கியதால் நோபலுக்கு முன்னோட்டம் என்றே சொல்வார்கள். 2023-ல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் ஓசிடி கருவிக்குப் போனது. விழித்திரைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அதன் அடுக்குகளை வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும் கருவி. வாங்கிய மூவரில் ஃபுஜிமோட்டோவும் ஸ்வான்சனும் பொறியாளர்கள். டேவிட் ஹுவாங் மட்டும்தான் டாக்டர், அவரும் அந்தக் கருவி உருவான காலத்தில் மருத்துவமும் பிஎச்டியும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதே ஆண்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான விருது, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு. அதை வாங்கிய ஹசாபிஸ் கணினி அறிவியல் படித்தவர், ஜம்பர் இயற்பியல் படித்தவர்.

அதனால் நான் சொல்வது இதுதான்: உயிரியல் பிடிக்கும் என்பதற்காகக் கணக்கையும் இயற்பியலையும் இப்போதே தலைமுழுகிவிட வேண்டாம். கொஞ்சம் நிரலாக்கமும் கற்றுக்கொள்ளட்டும். எந்தப் பட்டம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் விருதுச் செய்தியில் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு, காலம். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கண்டுபிடித்த சீனாவின் தூ யூயூ மருந்தியல் படித்தவர், பிஎச்டிகூடக் கிடையாது. வேலை நடந்தது 1970-களின் தொடக்கத்தில், லாஸ்கர் வந்தது 2011-ல். கேட்டலின் கரிக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு, பின்னால் கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையானது. அதை நம்பிப் பணம் கொடுக்க ஆளில்லாமல் 1995-ல் பல்கலைக்கழகத்தில் பதவியே இறக்கப்பட்டார். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பேச்சுக் கொடுத்துப் பழக்கமான ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து, எம்ஆர்என்ஏவின் ஒரு எழுத்தைச் சற்று மாற்றினால் உடல் அதை எதிர்த்துச் சீறுவது குறைகிறது என்று 2005-ல் காட்டினார். அப்போதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2021-ல் லாஸ்கர், 2023-ல் நோபல். அவருக்காவது வந்தது, அதே அளவு உழைத்தும் எந்த விருதும் வராதவர்கள்தான் இந்தத் துறையில் பெரும்பாலானோர், அவர்களில் பலர் நல்ல வேலையில் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். விருதை இலக்காக வைத்துத் துறையைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டம், மேற்படிப்பு, பிஎச்டி, அதற்கு மேல் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆராய்ச்சி வேலை என்று முப்பது வயதைத் தாண்டியும் உதவித்தொகையில் ஓடும். பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. மருந்து கம்பெனியும் மதிப்பான வழிதான். சர்க்கரை நோய்க்கும் உடல் எடையைக் குறைக்கவும் தரும் ஜிஎல்பி-1 மருந்துகளுக்காக 2024-ல் லாஸ்கர் வாங்கிய மூவரில் லோட்டே க்னுட்சன், நோவோ நார்டிஸ்க் கம்பெனியில் இருந்துகொண்டே அதைச் செய்தவர்.

சரி, இவளுக்கு இது ஒத்துவருமா? விடுமுறையில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் சில வாரம் உட்காரட்டும். பிப்பெட்டைப் பிடித்து அதே கரைசலை வரிசையாகக் குழாய்களில் விட்டு, மறுநாள் வந்து பார்த்தால் வளர்த்த செல்லெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கும், மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எரிச்சலோடு படுத்துவிடுகிறாளா, ஏன் இப்படி ஆனது என்று நோட்டைப் புரட்டுகிறாளா, அதைக் கவனியுங்கள். மார்க் ஷீட்டைவிட அது எனக்கு அதிகம் சொல்லும். பின்னால் பிஎச்டிக்குப் போகும்போது கைடின் பெயரைப் பார்த்து மயங்காமல், அவரிடம் முடித்த பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். கைடு பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.