குறைமாத வலியை நிறுத்தும் மருந்துகள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

37 வாரம் முடியும் முன்பே பிரசவ வலி வந்தால் தரப்படும் மருந்துகள் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். மகப்பேறு மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பரிசோதித்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

மனைவிக்கு 30 வாரம். வலி என்று அட்மிட் செய்து நிஃபெடிபின் கொடுக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் அது பிரஷர் மாத்திரை என்றார்கள். அவளுக்குப் பிரஷரே கிடையாதே, டாக்டர்?

சரியான மாத்திரைதான் தம்பி, பயப்படாதீர்கள். கர்ப்பப்பை ஒரு தசை. அது சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் போக வேண்டும். நிஃபெடிபின் அந்த வழியை அடைக்கிறது. ரத்தக்குழாய்த் தசையையும் அது தளர்த்துவதால்தான் பிரஷருக்கும் கொடுக்கிறோம். அதனால் தலைவலி, முகம் சூடாவது, படபடப்பு எல்லாம் வரலாம். பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம், கட்டிலை விட்டு எழும்போது கூடவே இருங்கள்.

2015இல் வலி நிறுத்தும் எந்த மருந்தையும் பரிந்துரைக்காத உலக சுகாதார நிறுவனம், 2022இல் நிஃபெடிபினை மட்டும், 24 முதல் 34 வாரத்துக்குள், சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டது. நீங்கள் இன்றைக்கே கேட்க வேண்டியது வேறொன்று: "குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா?"

இந்த மாத்திரையால் நிறைமாதம் வரை தள்ளிப்போட முடியுமா?

முடியாது. இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த மருந்துகள் நமக்கு வாங்கித் தருவது சுமார் 48 மணி நேரம். அதற்குள் இரண்டு வேலை நடக்க வேண்டும்: தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது, குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டும் நடக்கவில்லை என்றால் வலியை நிறுத்தியதில் குழந்தைக்குப் பெரிய பலன் இல்லை.

குழந்தையைக் காப்பாற்றுவது அந்த ஸ்டீராய்டுதான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்று மிகச் சீக்கிரம் பிறந்த குட்டிகள், பிழைக்க வாய்ப்பே இல்லாத நிலையிலும் மூச்சு விட்டதைக் கவனித்தார். அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 1972இல் வெளியானது. நம் நாட்டு மருத்துவமனைகளும் பங்கேற்று 2020இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வும் விலை குறைந்த டெக்சாமெத்தசோன் ஊசி பச்சிளங்குழந்தை மரணத்தைக் குறைக்கிறது என்று உறுதி செய்தது. மூச்சுத்திணறலும் மூளையில் ரத்தக்கசிவும்கூடக் குறைகின்றன.

இன்னொன்று. குறைமாத வலி என்று அட்மிட் ஆகும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிறைமாதத்தில்தான் பெறுகிறார்கள். பலருக்கு வலி தானாகவே அடங்கிவிடும். "அந்த மாத்திரையால்தான் நின்றது" என்று வீட்டில் எல்லோரும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் மாதத்திலிருந்து டுவாடிலான் மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது மேடம்.

அதிலுள்ள ஐசாக்சுப்ரின் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது. இதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் நம் ஊரில் இன்னும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த டெர்பியூட்டலினை மாத்திரையாக இதற்குப் பயன்படுத்தவே கூடாது, ஊசியையும் 48 முதல் 72 மணி நேரத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. தாய்மார்களுக்கு இதயக் கோளாறும் மரணமும் நேர்ந்ததே காரணம். இதய நோய், தைராய்டு, சர்க்கரை, இரட்டைக் கர்ப்பம் இருந்தால் இந்தக் குடும்பத்து மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். படபடப்பைச் சொல்லி, "இது தொடர வேண்டுமா?" என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

துபாயில் இருக்கிறோம். அடோசிபன் ட்ரிப் போடலாம் என்கிறார்கள். விலை அதிகம். அதுதான் சிறந்ததா?

தாய்க்குப் பக்கவிளைவு குறைவு, அது உண்மை. இதய நோய் உள்ளவர்களுக்கும் பிரஷர் இறங்கும் என்று அஞ்சப்படுபவர்களுக்கும் நல்ல தேர்வு. ஆனால் 30 முதல் 34 வாரத்துக்குள் இருந்த பெண்களிடம் நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2025இல் வெளியான ஆய்வில், அடோசிபன் பெற்றவர்களின் குழந்தைகளுக்கும் மருந்து கலக்காத திரவம் பெற்றவர்களின் குழந்தைகளுக்கும் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கடன் வாங்கிப் போட வேண்டிய மருந்து இல்லை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு போடலாமா?

போடலாம். சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதனால் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு 29 வாரத்தில் பனிக்குடம் உடைந்து காய்ச்சலும் வந்தது. வலியை நிறுத்த டாக்டர் மறுத்துவிட்டார். கோபமாக இருக்கிறது.

உங்கள் வேதனை புரிகிறது அம்மா. ஆனால் அவர் செய்தது சரி. காய்ச்சல் இருந்தால் கர்ப்பப்பைக்குள் கிருமித்தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது குழந்தையை உள்ளே வைத்திருப்பது இரண்டு உயிருக்கும் ஆபத்து. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் போகும்போதும், பிரஷர் கடுமையாக ஏறும்போதும், குழந்தையின் துடிப்பு குறையும்போதும் இதே கதைதான். இவ்வளவு சீக்கிரம் பிறக்கப்போகும் குழந்தைகளுக்காகத் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். அது வலியை நிறுத்த அல்ல, குழந்தையின் மூளையைக் காக்க. பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு அதனால் குறைகிறது.

இண்டோமெத்தசின் பற்றிச் சொல்லுங்கள் டாக்டர், நான் நர்சிங் மாணவி.

அதுவும் பிரசவ வலியை நிறுத்தத் தரும் மருந்துதான். 32 வாரத்துக்கு முன்பு, 48 மணி நேரத்துக்குள் மட்டும். அதற்கு மேல் போனால் கருவின் இதயத்துக்கு அருகில் இருக்கும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம், பனிக்குட நீரும் வற்றலாம்.

கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். 108 வருவதற்குள் நான் என்ன செய்யலாம்?

வாரத்தைச் சரிபாருங்கள். 24 முதல் 34க்குள் இருந்து, உண்மையான வலிதான் என்றால், டெக்சாமெத்தசோன் 6 மி.கி. முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம். மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல் உங்களுக்கு அந்த அனுமதியைத் தருகிறது. போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள், அடுத்த டோஸ் 12 மணி நேரம் கழித்து.

எனக்கு 35 வாரம். வலி வந்தும் டாக்டர் நிறுத்தவில்லை. ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று அத்தை அழுகிறார்.

அப்படி இல்லை, அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஆனால் 34 வாரம் தாண்டிவிட்டால் மருந்தின் தொல்லையைவிடப் பிறப்பதே மேல், அதனால்தான் நிறுத்தவில்லை. பிறந்ததும் சூடு குறையாமல், பால் குடிக்கிறதா, மஞ்சள் காமாலை வருகிறதா என்று கவனித்தால் போதும். குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை வார்டு நர்ஸ் சொல்லித் தருவார். உங்களுக்கு அசதியாக இருந்தால் அத்தையே செய்யலாம்.