பெரிய நிறுவனம் எப்படி மாறும்?

ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் புதுமை சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் கையிலேயே புதியதையும் ஒப்படைத்தால் பிழைக்காது. தன் லாபத்துக்குப் போட்டியாக வருவதை எந்த மேலாளர் வளர்ப்பார்?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் பாருங்கள். மலிவுக் கட்டணச் சேவைக்கு ஸ்கூட் என்று தனிப் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, 2012இல் பறக்கவிட்டது. 2017இல் தன் இன்னொரு மலிவுக் கட்டண நிறுவனமான டைகர்ஏரையும் அதனுடன் இணைத்தது. தன் பயணிகளே சிலர் அங்கே தாவக்கூடும்தான். அடுத்தவரிடம் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தின் கதை வேறு. 1972இல் தஞ்சோங் பகாரில் தொடங்கிய கொள்கலன் தொழிலை இப்போது தீவின் மேற்குக் கோடியில் உள்ள துவாசுக்கு நகர்த்துகிறார்கள். துவாஸ் 2022இல் திறந்தது. முழுமை பெற 2040கள் ஆகும். துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏவின் உரிமையாளர், அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் என்பதால் இவ்வளவு பொறுமை கிடைக்கிறது என்பது என் கணிப்பு. காலாண்டுக்கு ஒருமுறை லாபக் கணக்கு கேட்கும் பங்குதாரர்களிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லிப் பாருங்களேன்!